'தரிசு' என்று பெயரிட்டவர் யார்?

"வெள்ளைக்காரன் ஆண்ட காலமே நல்ல காலம்" என்ற பேச்சு நம்மவர் வாயில் அடிக்கடி எழுகிறது. 2022ஆம் ஆண்டிலே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது அப்பேச்சு இன்னும் உரத்து ஒலித்தது. புகையிரதப் பாதை அவன் போட்டது. தேயிலை அவன் நட்டது. துறைமுகம், தபால், நீதிமன்றம் எல்லாம் அவன் தந்தவை என்று வயது முதிர்ந்த ஓய்வூதியர் மட்டுமன்றிப் படித்த இளைஞரும் கணக்குக் கூறினர். இப்பேச்சை நகைத்து ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. பசித்தவன் பழங்கணக்குப் பார்ப்பது இயல்பே. ஆனால் கணக்கென்று வந்துவிட்டால் வரவோடு செலவையும் பார்த்தல் வேண்டும். அக்கணக்கில் ஒரேயொரு பக்கத்தை, காணிப் பக்கத்தை, வாசகர் முன் விரித்து வைப்பதே இன்று நமது நோக்கம். அது கமக்காரரையும் உத்தியோகத்தரையும் ஒருங்கே தொடுகின்ற பக்கம். இன்னும் மூடப்படாத பக்கமுங்கூட.

முதலிலே பிரித்தானியா தன் வீட்டிலே எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பார்ப்போம். கட்டற்ற வர்த்தகத்தினால் வளர்ந்தது என்பது பள்ளிக்கூடப் பாடம். சரித்திரம் கூறுவது வேறு. இந்தியாவின் சீத்தைத் துணிகள் இங்கிலாந்துப் பெண்களின் மனத்தைக் கவர்ந்தபோது அந்நாட்டுக் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் கொதித்தெழுந்தனர். 1719ஆம் ஆண்டிலே இலண்டன் தெருக்களில் சீத்தை அணிந்து சென்ற பெண்களின் உடையைக் கிழித்தெறிந்தனர். ஏற்கெனவே 1700ஆம் ஆண்டிலே அச்சடித்த இந்தியத் துணியின் இறக்குமதியைத் தடைசெய்திருந்த பாராளுமன்றம், 1721இலே அத்தகைய துணியை அணிவதையே குற்றமாக்கியது. இந்த வேலிக்குள்ளேதான் லங்காஷயரின் பருத்தித் தொழில் பிறந்து தவழ்ந்து நடைபயின்றது. ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரம் வந்தது 1769இல். அத்தகைய இயந்திரங்களைப் பிறநாட்டார் அடையாதிருக்க அவற்றின் ஏற்றுமதிக்கு விதித்த தடை 1843 வரை நீடித்தது. தானியச் சட்டங்கள் நீங்கியது 1846இல். கப்பற் சட்டங்கள் நீங்கியது 1849இல். போட்டியிட எவரும் இல்லாத உயரத்தை எய்திய பின்னரே வேலி தேவையில்லை என்ற ஞானம் பிரித்தானியாவுக்கு உதித்தது.

அந்த ஞானமும் எல்லாருக்கும் ஒருபடித்தாய் உபதேசிக்கப்படவில்லை. இந்திய அரசாங்கம் 1894இலே வருவாய் முட்டுப்பாட்டினால் இறக்குமதித் துணிமீது தீர்வை விதிக்க நேர்ந்தபோது, லங்காஷயருக்கு நட்டம் வரலாகாதென்று இந்திய ஆலைகள்மீதும் ஈடுகட்டும் வரி சுமத்தப்பட்டது. 1896இலே இரு பக்கமும் மூன்றரை வீதம் என்று சமப்படுத்தப்பட்டது. சொந்த நாட்டுத் தொழிலின்மேல், அந்நியத் தொழிலுக்கு ஈடாக, சொந்த அரசாங்கமே வரி விதித்த விந்தையை வேறெங்கே காண்போம்? அவ்வரி 1926 வரை ஏட்டில் இருந்தது.

துணியின் கதை பலரும் அறிந்தது. காணியின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இங்கிலாந்திலே கிராமந்தோறும் பொது நிலங்கள் இருந்தன. ஏழைக் குடியானவன் ஒரு பசுவை அங்கே மேய்த்தான், விறகு பொறுக்கினான், அறுவடை முடிந்த வயலிலே கதிர் பொறுக்கினான். இவை எழுதாத உரிமைகள். 1750க்கும் 1850க்கும் இடைப்பட்ட நூறாண்டிலே ஏறக்குறைய நாலாயிரம் அடைப்புச் சட்டங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறின. பொது நிலம் வேலியிடப்பட்டுப் பெருநிலக்காரர் உடைமையாயிற்று. சட்டம் செய்தவர்களும் அப்பெருநிலக்காரரே. பயிர் விளைவு பெருகியது உண்மை. நிலத்தின் வருமானம் ஏறியது உண்மை. பசுவை இழந்த குடியானவன் பிறர் வயலிற் கூலியானான். அவன் மக்கள் ஆலைக்குப் போயினர். எழுத்துச் சான்று இல்லாதவனுக்கு உரிமை இல்லை. பயிரேறாத நிலம் வீண் நிலம். வீண் நிலத்தை முதலாளியிடம் கொடுப்பதே நாட்டின் முன்னேற்றம் என்பதே அவ்வகுப்பார் தம் நாட்டில் கற்ற பாடம். அதே வகுப்பிலிருந்து வந்தவர்களே இலங்கைக்குத் தேசாதிபதிகளாகவும் உத்தியோகத்தராகவும் வந்திறங்கினார்கள்.

அவர்கள் 1796இலே கரையோரத்தையும் 1815இலே கண்டியையும் கைக்கொண்டனர். தொடக்கத்தில் அவர்களுக்கு வேண்டியிருந்தது கறுவா ஒன்றே. கோல்புறூக், கமரன் என்ற இருவரின் விசாரணைக்குப் பின்னர் 1832இலே இராசகாரியம் ஒழிந்தது. 1833இலே கறுவாவின் ஏகபோகம் ஒழிந்தது. கட்டாய ஊழியம் ஒழிந்ததை எவரே பழிப்பர்? ஆனால் குளத்தையும் வாய்க்காலையும் ஊர்கூடிப் பேணிவந்த ஏற்பாடும் அதனோடு நிலைகுலைந்தது. அதற்கு மாற்று ஒன்று, 1856இலே தேசாதிபதி உவாட் நீர்ப்பாசனச் சட்டத்தைக் கொண்டுவரும் வரை, செய்யப்படவில்லை. இருபத்துநான்கு ஆண்டு என்பது ஒரு குளக்கட்டுக்கு நீண்ட காலம்.

இதற்கிடையில் கடலுக்கு அப்பால் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1833இன் சட்டத்தினால் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள் விடுதலை பெற்றனர். உடைமையாளருக்கு இரண்டு கோடி பவுண் நட்டஈடு கிடைத்தது. அடிமைகளுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அத்தீவுகளின் கோப்பி விளைவு வீழ்ந்தது. 1835இலே பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் ஒரே தீர்வை என்று விதித்தது. உடனே மூலதனம் கண்டி மலைகளை நோக்கியது. வேண்டியது நிலம். நிலமோ ஊராரின் காடாகவும் சேனையாகவும் மேய்ச்சற் புறமாகவும் கிடந்தது.

இந்த இடத்திலேதான் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வருகிறது. முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுக்கும் சட்டம் என்பது அதன் பெயர். பெயரிலேயே முடிவு முன்னதாக எழுதப்பட்டிருப்பதை வாசகர் கவனிப்பாராக. காடு, தரிசு, குடியிராத காணி, பயிரிடாத காணி ஆகிய அனைத்தும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை என்று அச்சட்டம் அனுமானித்தது. நிரூபிக்கும் பாரம் கமக்காரன் தலையில் ஏற்றப்பட்டது. சேனைக் காணியின் நிலை என்ன? கண்டி மாகாணங்களிலே அரசன் கொடுத்த சன்னதத்தைக் காட்டலாம்; அல்லது இருபது ஆண்டுக்குள் வழமையான வரியோ ஊழியமோ செலுத்தியதைக் காட்டலாம். ஏனைய மாவட்டங்களிலே அந்த வாசலும் இல்லை. சேனைக் காணி காடு அல்லது தரிசு என்றே கொள்ளப்பட்டது. வன்னிக் கமக்காரன் இந்த இரண்டாம் வகுப்பில் விழுந்தான் என்பதை நம்மவர் பலர் அறியார்.

சேனை என்பது என்ன? காட்டை வெட்டி எரித்து ஓரிரு போகம் குரக்கனும் எள்ளும் விளைவித்து, மண் இளைப்பாறப் பல ஆண்டு விட்டுவிட்டு மீண்டும் அவ்விடத்துக்கு வருவது. இளைப்பாறும் நிலத்தைப் பார்த்து இது எவருக்கும் உரியதன்று என்று கூறுவது, உறங்குபவனைப் பார்த்து இவன் இறந்துவிட்டான் என்று கூறுவதற்கு ஒப்பாகும். வயலுக்குப் பசளையும் மாட்டுக்குப் புல்லும் வீட்டுக்குக் கம்பும் தடியும் காட்டிலிருந்தே வந்தன. ஊருக்கு வயல் எவ்வளவு அவசியமோ காடும் அவ்வளவு அவசியம். இதை அறிய வெள்ளைத் துரைமார் தம் ஊர்ப் பொது நிலத்தை நினைத்திருந்தாலே போதும். நினைத்தார்கள் என்பதே நமது ஐயம்.

இவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட காணி ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு விற்கப்பட்டது. 1844இலேதான் ஒரு பவுண் என்று விலை உயர்ந்தது. வாங்கியவர் யார்? சட்டம் பிறந்தபோது தேசாதிபதியாயிருந்த ஸ்டூவர்ட் மெக்கென்சி வாங்கினார், அரசாங்க அதிபர்கள் வாங்கினர், நீதிபதிகள் வாங்கினர், படைத் தலைவர்கள் வாங்கினர். விற்பவனும் அவனே, வாங்குபவனும் அவனே, வழக்கென்று வந்தால் தீர்ப்பவனும் அவனே! வேலி பயிரை மேய்ந்தது என்று கூறினும் போதாது. வேலியே காணிக்கு உறுதி எழுதிக்கொண்டது. உத்தியோகத்தர் தோட்டம் செய்தல் தகாதென்று இலண்டனே பின்னர் தடுக்க வேண்டியதாயிற்று.

கோப்பியின் செழிப்புக்கு 1847இலே முதல் அடி விழுந்தது. பிரித்தானியாவிலே பண நெருக்கடி, விலை சரிந்தது. வருவாய் குறைந்ததும் தேசாதிபதி டொறிங்டன் என்ன செய்தார்? 1848இலே கோப்பி ஏற்றுமதித் தீர்வையை நீக்கித் தோட்டக்காரரின் சுமையை இறக்கினார். துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்து, தெருவுக்கு ஆண்டில் ஆறு நாள் உழை, இன்றேல் பணம் கட்டு என்று குடிமக்களின் சுமையை ஏற்றினார். அவ்வாண்டு ஜூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் எழுந்தது. இராணுவச் சட்டம் வந்தது. புரன் அப்பு சுடப்பட்டான். பாராளுமன்றத்தில் விசாரணை எழுந்து டொறிங்டன் 1850இலே திருப்பி அழைக்கப்பட்டார். விற்கப்பட்ட காணி திரும்பவில்லை.

நெல் வரியின் கதையும் இத்தகையதே. தோட்டக் காணிக்கு நிலவரி இல்லை. வயலின் விளைவிலே பத்தில் ஒன்று என்று பழமையாகக் கொள்ளப்பட்ட பங்கு மட்டும் தொடர்ந்து அறவிடப்பட்டது. 1878இலே அது பணவரியாக மாற்றி நிலைநிறுத்தப்பட்டது. விளைந்தாலும் கட்டு, விளையாவிட்டாலும் கட்டு என்பதே அதன் பொருள். 1880களிலே கோப்பி வீழ்ந்து கைக்காசு வற்றியபோது வலப்பனை முதலிய மலைநாட்டுப் பகுதிகளிலே வரி கட்ட இயலாத கமக்காரரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. குடும்பங்கள் தெருவில் நின்றன. பட்டினியும் நோயும் பலரை மாய்த்தன. ஒன்றைக் கூறாது விடல் நீதியன்று: இக்கொடுமையை எழுத்தில் வைத்தவர்களுள் நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் என்ற வெள்ளையரும் ஒருவர். ஆங்கிலேயருள் மனச்சான்று உடையோர் இருந்தனர்; அவர்கள் ஆட்சியின் கணக்கேடு வேறு கையில் இருந்தது. நெல் வரி 1892இலேதான் நீக்கப்பட்டது.

இனி உழைப்பைப் பற்றி. இங்கிலாந்திலே பொது நிலத்தை இழந்த குடியானவன் கூலிக்கு வந்தான். கண்டிச் சிங்களக் குடியானவனோ, வயல் ஒரு துண்டாவது கையிலிருக்கும் வரை, தோட்டக் கூலிக்கு நிலையாக வர மறுத்தான். அவனைச் சோம்பேறி என்று துரைமார் எழுதி வைத்தனர். தன் வயலில் உழைப்பவன் பிறன் காட்டில் ஏன் மாரடிக்க வேண்டும் என்று அவர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். கடலைத் தோணியில் கடந்து மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டுப் பாதையாக மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெல்லாம் அவர்களைத் தின்றன. அப்பாதையின் இரு மருங்கிலும் எத்தனை எலும்புகள் புதைந்தன என்பதற்குச் சரியான கணக்கை அந்நாள் அரசாங்கம் வைக்கவில்லை. கோப்பி மூட்டையின் கணக்கை அது அந்தர் பிசகாமல் வைத்திருந்தது.

கோப்பிக் காலத்திலே அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869இலே இலைநோய் தோன்றியது. 1870இலே பத்து லட்சம் அந்தருக்கு மேல் ஏற்றுமதியான கோப்பி பதினைந்து இருபது ஆண்டுக்குள் அழிந்தது. நாட்டிலே நோட்டு வெளியிட்டுவந்த ஒறியன்ரல் வங்கியும் 1884 மே மாதம் முறிந்தது. அதன் நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பேற்றுத் தேசாதிபதி கோடன் அமளியைத் தணிக்க வேண்டியிருந்தது. பின்னர் தேயிலை. ஜேம்ஸ் ரெயிலர் 1867இலே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கியது, நூற்றாண்டு முடிவதற்குள் மூன்றரை லட்சம் ஏக்கரைத் தாண்டியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு தங்கினர். கங்காணியிடம் கடன், கடனுக்குத் துண்டு, துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக இயலாமை என்று அவர்கள் கட்டுண்டனர். துண்டு முறை ஒழிந்தது 1921இல்.

இத்தனையும் கூறியபின் புகையிரதத்தை மறைத்தல் ஆகாது. பாதை போடப்பட்டது உண்மை. நாமும் அதிலேதான் பயணஞ் செய்கிறோம். ஆனால் அது எந்த வழியாகச் சென்றது? கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867, நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885. தோட்டம் எங்கேயோ தண்டவாளம் அங்கே. யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைத்த பாதை 1905இல் வந்தது. கண்டிக்கு முப்பத்தெட்டு ஆண்டு பிந்தி. நெல்லும் புகையிலையும் மாட்டு வண்டியிலும் தோணியிலும் போனால் போதும் என்று கருதினர் போலும். ஏற்றுமதிப் பயிருக்கு வழி திறந்த ஆட்சி, சோற்றுக்குப் பர்மாவை நம்பியது. 1942இலே ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் நம் வீடுகளில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. கப்பல் நின்றால் உலை நிற்கும் என்ற நிலை அன்று முதன்முதல் நமக்குப் புலப்பட்டது. 2022இலே அதே நிலை எரிபொருளின் வடிவில் மீண்டும் வந்தது. அந்நியச் செலாவணியை ஈட்டும் பயிரொன்றையும் இரண்டையும் நம்பி உணவையும் உரத்தையும் வெளியிலிருந்து வாங்கும் வீட்டுக் கட்டுமானம் அக்காலத்தில் எழுப்பியது. ஆட்கள் மாறினர், கூரை மாறவில்லை. எழுபத்துநான்கு ஆண்டு சுயாட்சி செய்தவர்கள் அக்கூரையை மாற்றாததற்கு வெள்ளையரைக் குறைகூறுவதும் நேர்மையன்று.

காணியைப் பொறுத்தவரையில் நிலை இன்னும் விபரீதமானது. 1840இன் சட்டத்தை அடுத்து 1897இலே தரிசுக் காணிச் சட்டம் வந்தது. அரசாங்கம் ஓர் அறிவித்தல் இடும். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராதவனின் காணி முடிக்குரியதாகும். 1931இலே அது காணி நிர்ணயக் கட்டளைச் சட்டமாக உருமாறியது. 1935இன் காணி அபிவிருத்திச் சட்டமும், அதன்பின் எழுந்த கல்லோயா முதலிய குடியேற்றத் திட்டங்களும், முடி சேர்த்துவைத்த அதே காணிக் குவியலிலிருந்து பங்கிட்டவையே. முடி போய்விட்டது, குவியல் அரசின் கைக்கு மாறியது. இன்று இந்நாட்டு நிலத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பங்கு அரச காணி. யாருக்கு எங்கே எவ்வளவு என்று தீர்மானிக்கும் அதிகாரம் கொழும்பில் இருப்பதன் வேர் விக்டோரியா இராணியின் நாளில் இருக்கிறது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாணத்தின் விடயமாகக் காட்டியது. அரச காணியின் அதிகாரம் மத்திக்கே என்று உயர் நீதிமன்றம் 2013இல் தீர்த்தது. அவ்வழக்கு எழுந்தது மலையகத் தோட்டக் காணி ஒன்றைப் பற்றி என்பது தற்செயலா? கோப்பிக்காகப் பறித்த காணியே இன்னமும் வழக்குக்குரிய காணி.

அக்காணியைச் செழிப்பித்தவர்களின் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1948இலே குடியுரிமையை இழந்தனர். 1964இலே இரண்டு பிரதமர்கள் ஒப்பமிட்டு, ஐந்தேகால் லட்சம் பேரை அங்கே, மூன்று லட்சம் பேரை இங்கே, ஒன்றரை லட்சம் பேரைப் பின்னர் பார்ப்போம் என்று தலை எண்ணிப் பங்கிட்டனர். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்ற காணி மீண்டும் அரசிடம் வந்தது. லயன் அறைகளில் பிறந்து லயன் அறைகளில் முதுமை எய்துவோர் இன்னும் பெருந்தொகையினர். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சா, பத்துப் பேர்ச்சா என்று பேச்சு நடக்கிறது.

இது பழங்கதை என்று எண்ணுவோருக்கு ஒரு தேதியைக் கூறுகிறோம். 2025 மார்ச் 28ஆம் நாள் அரசாங்க வர்த்தமானியிலே ஓர் அறிவித்தல் வந்தது. வடமாகாணத்தின் நான்கு மாவட்டங்களிலே 5,941 ஏக்கர் காணிக்கு உரியவர்கள் மூன்று மாதத்துக்குள் உரிமை கோரவேண்டும். கோராத காணி அரச காணியாகப் பிரகடனம் செய்யப்படும். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய அவ்விடங்களிலே பல முறை இடம்பெயர்ந்தோர், சுனாமியில் பெட்டியோடு உறுதியைக் கடலுக்குக் கொடுத்தோர், கடல் கடந்து அந்நிய நாடுகளில் வாழ்வோர் எத்தனை ஆயிரம்! அவர்களைப் பார்த்தும் 1897இன் குரலிலேயே மூன்று மாதம் என்று கூறப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, வழக்குத் தொடரப்பட்டது, ஜூன் மாதத்திலே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கம் பின்வாங்க நேர்ந்தது. அறிவித்தல் போயிற்று. அதற்கு அதிகாரம் அளித்த சட்டம் ஏட்டிலே இருக்கிறது.

ஆகையால் நம் கமக்காரருக்கும் அவர்தம் படித்த பிள்ளைகளுக்கும் இன்று ஒரு வேலை உண்டு. உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்திலே பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். தோம்புப் பெயரும் எல்லையும் மறந்தவர்கள் ஊரிலுள்ள முதியோரை, அவர்கள் இருக்கும்போதே, கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அனுமதிப் பத்திரக் காணிக்குப் பின்னுரித்தாளி நியமிக்கப்பட்டுள்ளாரா என்று பிரதேச செயலகத்தில் விசாரித்தல் வேண்டும். சட்டம் கற்றோர் வாரத்தில் ஒரு நாளையேனும் இதற்கு ஒதுக்கி, கிராமந்தோறும் சென்று, பத்திரங்களைப் பார்த்துக் கொடுக்க முன்வருதல் வேண்டும். அவ்வாறு வருவோரின் பெயரையும் ஊரையும் நாளையும் இப்பத்திரிகையில் இலவசமாக வெளியிட நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.